பத்து நாள் நங்கூரம்

1500ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி நடுக்கடலில் நீளநீளமாகக் கடற்பாசிகள் மிதந்து வந்தன. மறுநாள் காலையில் பறவைகள் தென்பட்டன. அன்று மாலை, உருண்டையான உயர்ந்த மலை ஒன்று தெரிந்தது. பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ரால் தலைமையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட பதின்மூன்று கப்பல்களில் ஒன்று ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. மிச்சப் பன்னிரண்டும் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே போனால் காற்று ஒத்துழைக்காது என்பதால் அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் வளைந்து திரும்புவது அன்றைய மாலுமிகளின் வழக்கம். இந்த முறை வளைவு கொஞ்சம் பெரிதாகி, தென்னமெரிக்காவின் கரையில் கொண்டுபோய் விட்டது. இன்றைய பிரேசிலின் போர்ட்டோ செகுரோ பகுதி அது.

பத்து நாள் நின்றார்கள். தண்ணீர் பிடித்தார்கள், விறகு வெட்டினார்கள், சிலுவை நட்டுப் பூசை வைத்தார்கள். செய்தி சொல்ல ஒரு கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டு, மே 2ஆம் தேதி பாய் விரித்தார்கள். நன்னம்பிக்கை முனை அருகே புயலில் நான்கு கப்பல்கள் மூழ்கின, ஒன்று வழி தவறிப் போனது. செப்டம்பர் 13ஆம் தேதி கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தவை ஆறு.

கோழிக்கோட்டில் அமையப்போகும் வணிகக் கிடங்கில் எழுத்தராக வேலை பார்க்க வந்தவர் பெரு வாஸ் டி கமீன்யா. கரையில் கண்டதை எல்லாம் போர்ச்சுகல் மன்னர் மனுவேலுக்கு நீண்ட கடிதமாக எழுதினார். கடைசியில் மே 1 என்று தேதி இருக்கிறது. அந்தக் கரையில் இருந்தவர்கள் துப்பினிகின் மக்கள். உடம்பில் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் பூசியிருந்ததையும், தலையில் இறகுத் தொப்பி அணிந்திருந்ததையும், பெரிய சிவப்புக் கிளிகளைப் பண்டமாற்றாகக் கொடுத்ததையும், கப்பலில் இருந்த கோழியைக் காட்டியபோது மிரண்டு பின்வாங்கியதையும் எழுதுகிறார். கூர்ந்து பார்த்து எழுதிய ஆள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒன்று தவறிப்போகிறது. இவர்கள் ஏர் ஓட்டுவதில்லை, மாடு வளர்ப்பதில்லை, இங்கே நிறைய விளையும் வள்ளிக்கிழங்கைத்தான் தின்கிறார்கள், ஆனாலும் கோதுமை தின்னும் நம்மைவிடத் திடமாக இருக்கிறார்கள் என்கிறார். ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுக்கீசியர் பார்த்துப் பழகிய கிழங்கின் பெயரை இதற்கும் போட்டுவிட்டார். அவர் பார்த்தது மரவள்ளி. ஐரோப்பியர் யாருக்கும் அப்போது அந்தச் செடி சரியாகத் தெரியாது.

கோழிக்கோட்டில் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மோதலில் கமீன்யா இறந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கடிதம் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1817இல்தான் அச்சேறியது.

இந்தக் கடிதத்தைக் கொல்லிமலையில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, அப்பால் செம்மேடு. ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். கடலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் சரிவில் நிற்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். குச்சிக்கிழங்கு என்று இங்கே சொல்லும் மரவள்ளி தென்னமெரிக்கா. அன்னாசி தென்னமெரிக்கா. கொய்யா, பப்பாளி, வீட்டோரத்து மிளகாய், தக்காளி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. காட்டோரத்தை அடைத்து நிற்கும் உன்னிச்செடியும் அங்கிருந்துதான். நடுவில் எத்தியோப்பியாவின் காப்பி, ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். அந்தச் சில்வர் ஓக்கில் ஏறியிருக்கும் மிளகுக்கொடிதான் மண்ணின் பிள்ளை. கப்ராலின் கப்பல்கள் அத்தனை கடல் சுற்றி வந்தது அந்த மிளகுக்காகத்தான்.

செடிகள் கண்டம் விட்டுக் கண்டம் போன கதை எல்லாரும் சொல்வதுதான். பாடப்புத்தகத்தில்கூட இருக்கிறது. அதில் விடுபடுவது ஒன்று. ஒரு செடி தன் ஊரில் தனியாக வாழ்வதில்லை. அதைத் தின்னும் பூச்சி, அந்தப் பூச்சியைத் தின்னும் இன்னொரு பூச்சி, பூவுக்கு வரும் பறவை, நஞ்சை எடுத்துச் சமைக்கத் தெரிந்த பெண்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் ஊர். கப்பலில் ஏறுவது ஒரு குச்சியோ ஒரு பக்கக்கன்றோதான். மற்றவர்கள் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களில் சிலர் நானூறு ஐந்நூறு ஆண்டு கழித்து, கேட்காத நேரத்தில் வந்து சேர்கிறார்கள்.

மரவள்ளியிலிருந்தே தொடங்கலாம். அமேசான் படுகையின் தென்மேற்கு விளிம்பில்தான் அது காட்டுச்செடியிலிருந்து பயிராக மாறியது என்பதை 1999இல் கென்னத் ஓல்சனும் பார்பரா ஷாலும் மரபணு ஆய்வில் காட்டினார்கள். அதே வட்டாரத்தில், பொலிவியாவின் யானோஸ் தெ மோகோஸ் சமவெளியில், பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மண்ணில் மரவள்ளியின் நுண்தடயங்கள் கிடைத்ததாக 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெல் ஆசியாவில் பயிரான காலத்தோடு ஒப்பிடத்தக்க பழமை.

இந்தச் செடிக்கு நஞ்சுதான் காவல். அதன் திசுவில் லினமாரின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. தீக்குச்சியும் உரசும் பட்டையும் ஒரே பெட்டியில் தனித்தனியாக இருப்பதுபோல. ஒரு விலங்கு கடித்ததும் செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. கிழங்கைவிட இலையில் வீரியம் அதிகம். மரவள்ளித் தழையைத் தின்ற ஆடு, மாடு வயிறு உப்பிச் செத்த சம்பவம் நாமக்கல், சேலம் பக்கத்துக் கிராமங்களில் புதிதல்ல.

துப்பி மொழி பேசிய கரையோர மக்களும் அமேசான் மக்களும் இந்த நஞ்சை அதன் விதியாலேயே வென்றார்கள். கிழங்கைத் துருவினால் எல்லாச் செல்லும் உடையும், நஞ்சு முழுவதும் வெளியே வரும். துருவியதை, பிரம்பால் பின்னிய நீண்ட குழலில் அடைத்துக் கிளையில் மாட்டி, அடிப்பக்கத்தைக் கீழே இழுப்பார்கள். குழல் நீள நீள உள்ளே இறுகும், சாறு சொட்டும். திப்பிட்டி என்று அதற்குப் பெயர். பிழிந்த சக்கையை அகன்ற ஓட்டில் வறுத்தால் மிச்ச நஞ்சும் போய்விடும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. சொட்டிய சாற்றையும் கொட்டுவதில்லை. அடியில் படியும் வெள்ளை மாவைத் தனியே எடுத்துவிட்டு, மேல்நீரை நெடுநேரம் கொதிக்கவைத்தால் துக்குப்பி என்ற புளிப்பான குழம்பு. இலையைக்கூட விடுவதில்லை. அரைத்து ஒரு வாரம் போல வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். வேதியியல் நூல் எதுவும் இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று தெரியாது. எனக்கு இது மனித குலத்தின் பெரிய சோதனைக்கூடங்களில் ஒன்றாகவே படுகிறது.

இந்த அறிவு கரையில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா காட்டியது. பஞ்ச காலத்தில் கசப்பு ரகக் கிழங்கை அவசர அவசரமாகப் பக்குவம் செய்து தின்றவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போகும் கொன்சோ என்ற நோய் காங்கோவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1981 வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், நிரந்தரமாக முடமானார்கள். செடி ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் நம் சமையல் கெட்டித்தனம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் இங்கே அது முதன்மை உணவாகவே ஆகவில்லை. மரவள்ளியைப் பெரிய அளவில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அந்த நாட்டைக் காப்பாற்றியது கப்பை என்று அங்கே சொல்லும் மரவள்ளிதான். சேலத்துக்கு அதே போர் வேறு வழியில் மரவள்ளியைக் கொண்டுவந்தது. மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் வெளிநாட்டு மாவும் நின்றுபோக, 1943–44 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பியிருந்த போபட்லால் ஷாவின் அனுபவத்தைத் துணைகொண்டு குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். தென்கிழக்காசியாவில் ஜவ்வரிசி ஒரு பனை வகை மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து வருவது. நாம் சாப்பிடுவது அந்த வேடத்தைப் போட்டுக்கொண்ட மரவள்ளி. சேகோ ஆலைகள் பெருகி, 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு விற்பனைச் சங்கமும் சேலத்தில் வந்தது.

ஆலைக்குள் நடப்பதைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கிழங்கைத் தோலுரித்து இயந்திரத்தில் அரைக்கிறார்கள். தண்ணீர் விட்டு அலசித் திப்பியைப் பிரிக்கிறார்கள். பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படிகிறது, மேல்நீர் நஞ்சோடு போகிறது. ஈரமாவைக் குலுக்கி உருண்டையாக்கிச் சூடேற்றுகிறார்கள். ஈரத்தோடு சூடுபட்ட மாவுத்துகள் 60, 70 டிகிரியில் ஊதி வெடித்து ஒன்றோடொன்று ஒட்டும். அதனால்தான் உருண்டையின் மேற்புறம் பளபளப்பாகிறது. துருவு, அலசு, படியவிடு, சூடேற்று. போர்ட்டோ செகுரோ கரையின் துப்பினிகின் பெண்ணை இந்த ஆலைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் ஒவ்வொரு தொட்டியையும் அடையாளம் கண்டுகொள்வாள். இன்று சால்வடார், ரெசிஃபே, ஃபோர்டலேசா துறைமுகங்களில் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கும் பயணிகள் கடற்கரைக் கடைகளில் வாங்கித் தின்னும் வெள்ளை மடிப்பு அடையும் இதே ஈரமாவில் சுடுவதுதான்.

சேலம் ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே போகிறது, மகாராஷ்டிரத்து விரத நாள்களுக்கு. தானியம் கூடாத அந்த நாளில் அவர்கள் சாப்பிடும் ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய் நான்கும் கடல் தாண்டி வந்தவை. எந்த ஸ்மிருதியும் அறியாத உணவில் விரதம் முழுமை பெறுகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

கொல்லிமலை இந்த ஆலைகளின் கொல்லைப்புறம் ஆனது சாலை வந்த பிறகு. அதற்கு முன் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்து வாழ்ந்த மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று விதைத்தார்கள். சாமை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திருகுலாச்சாமை, கருஞ்சாமை என்று தனித்தனி. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை. ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று சீக்கிரம் கதிர் வரும், ஒன்று சோற்றுக்கு ருசி. எந்தத் துண்டு நிலத்துக்கு எது, எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த கணக்கு.

இதே கணக்கு மரவள்ளியின் சொந்தக் கண்டத்திலும் இருந்தது. கயானாவின் மகுஷி மக்களிடம் செய்த ஆய்வுகள் அழகானவை. அவர்கள் குச்சி நட்டுத்தான் மரவள்ளி வளர்க்கிறார்கள். ஆனாலும் நிலத்தில் தானாக விதையிலிருந்து முளைத்த கன்றைக் கண்டால் பிடுங்குவதில்லை. வளரவிட்டு, கிழங்கைப் பார்த்து, பிடித்திருந்தால் அடுத்த நடவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். இப்படித்தான் ஒரே ஊரில் பத்துக்கணக்கான ரகங்கள் நிலைக்கின்றன, புதியவை பிறக்கின்றன. இங்கே நாம் குச்சியை மட்டும் வாங்கிக்கொண்டோம். முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளை ரோஸ், பர்மா, ஆய்வு நிலையங்கள் தந்த எச்-165, எச்-226. சாமையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கைகளுக்குக் குச்சிக்கிழங்கில் பொறுக்க ஒன்றுமில்லை. எது வேண்டும் என்று ஆலையே சொல்லிவிடும். கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை.

சாமையை விட்டுவிட்டார்களே என்று சமவெளியில் உட்கார்ந்து அங்கலாய்ப்பது சுலபம். சாமையின் உமி லேசில் போகாது. குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறாக்க உரலில் உலக்கை போட்டது பெண்கள். குச்சிக்கிழங்கு அந்த வேலையைக் கேட்கவில்லை. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், கையில் ரொக்கம் வரும், ரேஷனில் அரிசி வாங்கலாம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. சாமையில் நூறு கிராமுக்கு எட்டு முதல் பத்து கிராம் புரதம். ஜவ்வரிசியில் ஒரு கிராம்கூட இல்லை. குச்சிக்கிழங்கு பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். நட்ட முதல் மூன்று மாதம் இலை விரிந்து தரையை மூடாது, அந்த நேரத்தில் மழை அடித்தால் சரிவிலிருந்து மண் இறங்கும். பிடுங்கும்போது நிலத்தைக் கிளறியே ஆக வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட ஆரம்பிக்கும், ஆகவே விலை பிடிக்கவில்லை என்று காத்திருக்கவும் முடியாது. எழுபது வளைவும் இறங்கி ஆலை வாசலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியபோது அது சரியான இடத்தில் கை வைத்தது. பழைய ரகங்களுக்கு ஊர் விதை வங்கி அமைத்ததோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். உலக்கையைக் கீழே வைக்க வழி செய்யாமல் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுவதற்கு அர்த்தமில்லை.

அன்னாசி வேறு மாதிரி. கொல்லிமலை அன்னாசிக்குச் சந்தையில் தனிப் பெயர் உண்டு, அதற்குத் தகுதியும் உண்டு. அது புரோமெலியேசியே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1493இல் குவாதலூப் தீவில் கொலம்பஸின் ஆட்கள் அதைச் சுவைத்தார்கள். நூறாண்டு சற்றுக் கடந்ததும் ஆக்ராவின் தோட்டத்தில் ஆயிரக்கணக்கில் காய்ப்பதாக ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் பெருமைப்படுகிறார். பழம் என்று நாம் சொல்வது நூறு, இருநூறு ஊதாநிறப் பூக்கள் ஒன்றாய் இணைந்தது. அதன் சொந்த ஊரில் அந்தப் பூக்களுக்கு வருவது ரீங்காரச்சிட்டு. அது வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் பழத்துக்குள் கடினமான விதைகள் உருவாகும். தன் மகரந்தத்தையோ தன் நகலின் மகரந்தத்தையோ அன்னாசி ஏற்காது. கொல்லிமலைத் தோட்டம் முழுவதும் பக்கக்கன்று நட்டு வந்த நகல்கள், ரீங்காரச்சிட்டோ பழைய உலகம் எதிலுமே இல்லை. நம் தேன்சிட்டு வந்து மூக்கை நுழைத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. நாம் விதையில்லாத பழம் தின்கிறோம். அன்னாசி விளைந்த ஹவாய்த் தீவுகளில் ரீங்காரச்சிட்டைக் கொண்டுவரவே தடை இருக்கிறது. ஒரு துணை வராமல் போனதில் மனிதருக்கு முழு லாபம் கிடைத்த இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உன்னிச்செடி இதற்கு நேர் எதிர். அதற்கு இங்கே உடனே கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். பூவுக்கு நம் பட்டாம்பூச்சி, பழத்துக்கு நம் கொண்டைக்குருவி. தோட்ட அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி, இன்று வனத்துறையால் வெட்டி மாளவில்லை.

மரவள்ளிக்குத் திரும்புவோம். அது தன் பகைவர்களைக் கரையில் விட்டுவிட்டு வந்தது என்றேன். இங்கே வந்து புதுப் பகையைச் சம்பாதித்தது. இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கும் தேமல் நோய் தென்னமெரிக்க மரவள்ளிக்கு இல்லை. அது பழைய உலகத்துச் செடிகளில் இருந்த வைரஸ்கள் வெள்ளை ஈ மூலம் புது விருந்தாளியின் மேல் தாவியதால் வந்தது. நம்மிடம் இருப்பவற்றுக்கு இந்திய, இலங்கைப் பெயர்களே உண்டு. வைரஸ் உள்ள செடியில் வெட்டிய குச்சியை நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம்.

பழைய பகைவன் தனிக்கதை. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும், கின்ஷாசா, பிரசாவில் பக்கம், மரவள்ளியின் நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு செடிகள் குட்டையாகின. வெள்ளைப் பொடி பூசிய மாவுப்பூச்சி. தண்டில் சாறு உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் வளர்ச்சியைக் குலைத்துவிடும். இந்த இனத்தில் ஆணே தேவையில்லை, எல்லாம் பெண், எல்லாம் தாயின் நகல். ஆகவே ஒரு குச்சியில் ஒரே ஒரு பூச்சி ஒட்டி வந்தாலும் போதும். சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலம் நெடுகப் பரவி, இருபது கோடிப் பேரின் சோற்றில் கை வைத்தது.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சுவிஸ் நாட்டு இளைஞர் ஹான்ஸ் ஹெரன், பூச்சியின் ஊரைத் தேடினால் அதன் எமனும் அங்கேயே இருப்பான் என்று வாதாடினார். தேடல் அமெரிக்கக் கண்டங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. சொந்த ஊரில் இந்தப் பூச்சி தொல்லையே இல்லை, அதனால்தான் கண்ணில் படவும் இல்லை. தென்னமெரிக்காவின் வடபகுதியில் ஒன்று கிடைத்தது, அதன்மேல் வாழும் குளவிகளைக் கொண்டுவந்தால் அவை ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீண்டவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது வேறு இனம். அந்தத் தவறான பூச்சிக்கு ஹெரனின் பெயரையே சூட்டினார்கள் வகைப்பாட்டாளர்கள். பூச்சி அறிஞர்களின் நகைச்சுவை இந்த ரகம். சரியான பூச்சியை 1981இல் பராகுவேயில் கண்டவர் கொலம்பியாவிலிருந்து இயங்கிய ஆந்தனி பெலோட்டி. அதன் உடலுக்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபேசி என்ற குளவியும் கிடைத்தது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. லண்டனில் தனிமைக்காப்பில் வைத்து வேறு ஆபத்து இல்லை என்று உறுதிசெய்த பிறகு நைஜீரியாவில் விட்டார்கள். விமானத்திலிருந்துகூட விட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நிலைத்து, மாவுப்பூச்சியைப் பராகுவேயில் இருந்த அளவுக்கே அடக்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு.

ஆசியா தப்பித்தது என்று நினைத்திருந்த நேரத்தில், 2008 வாக்கில் தாய்லாந்தில் அதே பூச்சி. 2020இல் திருச்சூரில். அடுத்து நாமக்கல், சேலம், தருமபுரி என்று சேகோ வட்டாரம் முழுக்க. கொரோனா முடக்கத்தில் எல்லாம் நின்றிருந்தபோது இது மட்டும் நகர்ந்தது. கமீன்யாவின் கரையில் நின்றுவிட்ட துணைகளில் ஒன்று, ஐந்து நூற்றாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் குளவியைப் பெனினிலிருந்து வரவழைத்து, தனிமைக்காப்பில் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டது. பராகுவேயிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து நைஜீரியா, பெனின், பெங்களூரு, ஏத்தாப்பூர். எந்த உல்லாசக் கப்பலும் இப்படி ஒரு பயணத் திட்டம் போட்டதில்லை.

பெண் குளவி ஒரு மாவுப்பூச்சியை உணர்கொம்புகளால் தட்டிப் பார்த்து, பிடித்தால் முட்டையைச் செருகும். புழு உள்ளிருந்தே தின்று முடிக்க, பூச்சியின் தோல் பழுப்பு நிறக் கூடாக உலர்ந்து நிற்கும். மூன்று வாரத்துக்குள் அந்தக் கூட்டில் வட்டத் துளையிட்டு அடுத்த குளவி வெளியே வரும். வயலில் குளவியைத் தேடுபவர் இந்தப் பழுப்புக் கூட்டைத் தேடினால் போதும், குளவி கண்ணுக்கு அகப்படாது. அது இருக்கும் வயலில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவதும் அதுதான். மாவுப்பூச்சியை மெழுகுப்பூச்சு காப்பாற்றிவிடும். விதைக்குச்சியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் குளவி எத்தனை வந்தாலும் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நம் ஊரில் குச்சி நகர்வது பெரும்பாலும் பக்கத்து வயல்காரரிடம் கேட்டு வாங்கும் கட்டாகத்தான். அங்கே தனிமைக்காப்பு அதிகாரி யாரும் நிற்பதில்லை.

மிளகு எதிர்த்திசையில் போனது. 1933இல் ஜப்பானியக் குடியேறிகளை அமேசானுக்கு ஏற்றிச் சென்ற கப்பலில் ஒரு மூதாட்டி இறந்துபோக, தகனத்துக்காகக் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. பொறுப்பாளராகப் போன மகினோசுகே உசுயி அந்த நிறுத்தத்தில் இருபது மிளகுக் கன்றுகளை வாங்கிக்கொண்டார். இரண்டு மூன்றுதான் பிழைத்தன. பிரேசிலின் பாரா மாநிலத்துத் தோமே-அசு குடியேற்றம் அந்தக் கொடிகளால் போருக்குப் பின் செல்வம் கொழித்தது. பிறகு, இங்கே மிளகு அறியாத ஒரு ஃபுசேரியம் பூஞ்சை அங்கே வேரைப் பிடித்தது. 1960களிலும் எழுபதுகளிலும் தோட்டம் தோட்டமாகக் கொடிகள் காய்ந்தன. தப்பியவர்கள் மிளகை மட்டும் நம்பாமல் கோகோ, அசாய் பனை, உள்ளூர் மரங்கள் எல்லாம் கலந்து நட்டார்கள். காப்பிக்கும் சில்வர் ஓக்குக்கும் பலாவுக்கும் நடுவே மிளகை ஏற்றும் கொல்லிமலைக்காரருக்கு அந்தத் தோட்டம் அந்நியமாகத் தெரியாது. பிரேசில் இன்று மிளகு விளைச்சலில் வியட்நாமுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது.

நம் மிளகுக்கும் நோய் உண்டு. பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற உயிரி, பருவமழையில் அடித்தண்டை அழுகவைத்து ஒரே வாரத்தில் கொடியை வாடவைக்கும். அதற்கு அசையாத ஒரு மிளகு இனம் தென்னமெரிக்க ஆற்றோரச் சதுப்புகளில் வளர்கிறது. கேரள நாற்றங்கால்களில் அதற்கு பிரேசிலியன் திப்பிலி என்று பெயர். அதை வேர்ச்செடியாக வைத்து மேலே நம் மிளகை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். தண்ணீர் தேங்கும் நிலத்தில் நன்றாக வருகிறது. கொல்லிமலைச் சரிவில் வைப்பதானால் கோடையில் குடத்தில் சுமந்து ஊற்ற ஆள் வேண்டும். ஆற்றோரத்து வேர் அது, ஈரம் கேட்கும்.